பரிணாம வலையமைப்பை மரமாக எளிமையாக்கல்: ஒரு திறனாய்வு

பரிணாம வலையமைப்பை மரமாக எளிமையாக்கல் என்பது, உயிரினங்களின் மரபுவழி உறவைக் காட்டும் பின்னலான வரைபடம் ஒன்றிலிருந்து, வரையறுத்த கணித விதிகளின்படி ஒரு மரவடிவ வரைபடத்தைப் பெறும் முறைகளுக்குரிய பொதுப்பெயர். பெரும்பான்மை மரம், அடிமரம், நிலைத்த மூதாதை மரம், திரள் மரம், இயல்பாக்கம் ஆகியவை இவற்றுள் முக்கியமானவை. ஒரே வலையமைப்பை இம்முறைகளிடம் கொடுத்தால் வெவ்வேறு விடைகள் கிடைக்கும். எனவே மரம் சரியா தவறா என்று கேட்பதற்கு முன், அது எந்தக் கேள்விக்கு விடையாக வரையப்பட்டது, அதற்காக எதைக் கைவிட்டது என்று கேட்க வேண்டியுள்ளது. இக்கட்டுரை அந்த நோக்கில் இம்முறைகளை மதிப்பிடுகிறது.

பின்னணி

சார்லஸ் டார்வின் 1837-இல் தம் குறிப்பேட்டில் கிளைபிரியும் மரம் ஒன்றைக் கிறுக்கலாக வரைந்தார். 1859-இல் வெளிவந்த அவருடைய 'உயிரினங்களின் தோற்றம்' நூலில் இருந்த ஒரே படமும் கிளைபிரியும் வரைபடமே. அதன்பின் நூறாண்டுகளுக்கு மேலாக, பரிணாம வரலாறு என்றாலே மரம் என்ற எண்ணம் நிலைத்தது.

மரத்தில் ஒவ்வொரு கணுவுக்கும் ஒரே ஒரு தாய்க்கணு உண்டு. கிளைகள் பிரியலாம், பிரிந்தவை மீண்டும் சேரக்கூடாது. இயற்கையில் அவை சேர்கின்றன. நெருங்கிய சிற்றினங்கள் கலந்து கலப்பினங்கள் தோன்றுகின்றன. பாக்டீரியாக்கள் வாரிசுமுறைக்கு வெளியேயும் மரபணுக்களைப் பெறுகின்றன. இவ்வாறு பக்கவாட்டில் நடக்கும் மரபணுப் பரிமாற்றம் பரவலாக இருப்பதால் உயிர்களின் வரலாற்றை ஒரே மரத்தில் அடக்க முடியாது என்று போர்ட் டூலிட்டில் 1999-இல் வாதிட்டார்.

நாள்தோறும் உண்ணும் ரொட்டிக் கோதுமை இதற்கு எளிய சான்று. அதன் 42 குரோமோசோம்கள் மூன்று மூதாதைப் புல்வகைகளிலிருந்து வந்த மூன்று தொகுதிகள். முதலில் இரண்டு புல்வகைகள் கலந்தன. அவற்றின் வழித்தோன்றல் பின்னர் மூன்றாவது புல்வகையுடன் கலந்தது. மூன்று தொகுதிகளும் கோதுமைக்குள் இன்றும் தனித்தனியே அடையாளம் காணத்தக்கவையாக உள்ளன. கோதுமைக்கு ஒரே தாய்க்கிளையைக் காட்டும் எந்த மரமும் மற்ற இரண்டு மூதாதையரை மறைத்தே ஆக வேண்டும்.

அப்படியிருந்தும் மரங்கள் தேவைப்படுகின்றன. வகைப்பாட்டியல் குழுவுக்குள் குழு என்ற அடுக்கைக் கேட்கிறது. உடலமைப்பு, வாழ்முறை போன்ற பண்புகளைச் சிற்றினங்களிடையே ஒப்பிடும் புள்ளியியல் முறைகள் பலவும் மரத்தையே உள்ளீடாக எடுத்துக்கொள்கின்றன. நூற்றுக்கணக்கான சிற்றினங்களையும் பல கலப்புகளையும் கொண்ட வலையமைப்பைக் கண்ணால் படித்துப் புரிந்துகொள்வதும் கடினம்.

வலையமைப்பின் வடிவம்

கணிதத்தில் பரிணாம வலையமைப்பு என்பது திசையுள்ள, சுற்றற்ற கோட்டுரு. மேலே ஒரு வேர்; கீழே இலைகளாகச் சிற்றினங்கள்; இடையே மூதாதையரைக் குறிக்கும் கணுக்கள். கோடுகள் காலம் செல்லும் திசையில் மட்டும் இறங்கும். இரண்டு தாய்க்கணுக்களைக் கொண்ட கணு 'கலப்புக் கணு' எனப்படும். ஒவ்வொரு கலப்புக் கணுவிலும் உள்ளே வரும் இரண்டு கோடுகளில் ஒன்றை அழித்தால் ஒரு மரம் கிடைக்கும். அவ்வாறு கிடைப்பது அந்த வலையமைப்பு 'காட்டும்' மரம்.

மனித வரலாற்றிலிருந்து ஓர் எடுத்துக்காட்டை எல்லா முறைகளுக்கும் பொதுவாக வைத்துக்கொள்ளலாம். நியாண்டர்தால் மனிதரின் மரபணுத்தொகை வரைவு 2010-இல் வெளியானபோது, அது இன்றைய மக்கள் சிலரின் மரபணுத்தொகைகளோடு ஒப்பிடப்பட்டது. அவர்களுள் ஆப்பிரிக்காவின் சான், யொரூபா மக்களும் ஆப்பிரிக்காவுக்கு வெளியே வாழ்வோரும் இருந்தனர். யூரேசிய மக்களின் மரபணுத்தொகையில் 1 முதல் 4 விழுக்காடு நியாண்டர்தாலிடமிருந்து வந்தது என அப்போது மதிப்பிடப்பட்டது. மற்ற கலப்புகளை விட்டுவிட்டுப் பாடத்துக்காகச் சுருக்கினால் வலையமைப்பு இப்படி அமையும்: வேரிலிருந்து நியாண்டர்தால் வழியும் இன்றைய மனித வழியும் பிரிகின்றன. மனித வழியிலிருந்து முதலில் சான் பிரிகிறது. பிறகு யொரூபாவும் யூரேசியரும் பிரிகின்றனர். யூரேசியர் வழியில் ஒரு கலப்புக் கணு உள்ளது. நியாண்டர்தால் வழியிலிருந்து ஒரு கோடு அங்கே வந்து சேர்கிறது.

நான்கு இலைகளுக்கு, ஒவ்வொரு கணுவும் இரண்டாகப் பிரியும் வேருள்ள மரங்கள் 15 சாத்தியம். இந்த வலையமைப்பு அவற்றுள் இரண்டை மட்டும் காட்டுகிறது. முதல் மரத்தில் யொரூபாவும் யூரேசியரும் இணை. அவர்களுக்கு அடுத்து சான். எல்லோருக்கும் வெளியே நியாண்டர்தால். இரண்டாம் மரத்தில் யொரூபாவும் சானும் ஓர் இணை. யூரேசியரும் நியாண்டர்தாலும் மற்றோர் இணை.

கலப்புக் கணு ஒன்றாக இருக்கும்வரை இரண்டு மரங்களைக் கையால் எழுதிவிடலாம். எண்ணிக்கை கூடினால் நிலைமை மாறும். 10 கலப்புக் கணுக்கள் இருந்தால் 1,024 மரங்கள் வரையும், 20 இருந்தால் 10,48,576 மரங்கள் வரையும் அமையலாம். குறிப்பிட்ட ஒரு மரம் ஒரு வலையமைப்புக்குள் இருக்கிறதா என்று கண்டறிவதே பொது நிலையில் என்.பி.-முழுமைச் சிக்கல் என்று 2008-இல் நிறுவப்பட்டது. எல்லா மரங்களையும் எழுதிப் பார்த்து ஒன்றைத் தேர்வது நடைமுறைக்கு ஒவ்வாததால்தான் எளிமையாக்கும் விதிகள் தேவைப்படுகின்றன.

பெரும்பான்மை மரம்

மரபணுத்தொகையின் அதிகப் பகுதி எந்த மரத்தை ஆதரிக்கிறதோ அதை எடுத்துக்கொள்வது மிக எளிய வழி. பாதிக்கு மேற்பட்ட மரங்களில் காணப்படும் குழுக்களை மட்டும் வைத்துக்கொள்ளும் பெரும்பான்மை ஒருமித்த மரத்தை மார்கஷ், மெக்மோரிஸ் இருவரும் 1981-இல் வரையறுத்தனர். மனித எடுத்துக்காட்டில் இந்த வழி நன்றாக வேலை செய்கிறது. நியாண்டர்தால் பங்கு சில விழுக்காடே என்பதால் முதல் மரம் எளிதில் வெல்கிறது. மக்கள்குழுக்கள் பிரிந்த வரிசையும் அதுவே.

இந்த வெற்றியை விதியாக்கினால் என்ன நேரும் என்பதை ஆப்பிரிக்காவின் மலேரியா கொசுக்கள் காட்டுகின்றன. அனாபிலஸ் காம்பியே கூட்டத்தில் தோற்றத்தால் பிரித்தறிய முடியாத பல சிற்றினங்கள் உள்ளன. அவற்றுள் காம்பியே, கொலுஸ்ஸி, அராபியென்சிஸ் ஆகிய மூன்றும் மலேரியாவைப் பரப்புவதில் முதன்மையானவை. மனிதரை அரிதாகவே கடிக்கும் குவாட்ரியன்னுலேட்டஸும் இக்கூட்டத்தைச் சேர்ந்ததே. 2015-இல் வெளியான மரபணுத்தொகை ஆய்வின்படி, பால்சாராக் குரோமோசோம்களின் பெரும்பகுதி அராபியென்சிஸைக் காம்பியே–கொலுஸ்ஸி இணைக்கு அருகில் வைக்கிறது. எக்ஸ் குரோமோசோமோ அராபியென்சிஸைக் குவாட்ரியன்னுலேட்டஸுடன் சேர்க்கிறது. வாக்கெடுப்பு நடத்தினால் முதல் அணி பெரும் வித்தியாசத்தில் வெல்லும்.

ஆய்வாளர்கள் எண்ணிக்கையை ஏற்கவில்லை, காலத்தைப் பார்த்தனர். கலப்பினால் வந்த பகுதி, சிற்றினங்கள் பிரிந்த பிறகே வந்திருக்க வேண்டும். எனவே அங்கே வேறுபாடுகள் குறைவாக இருக்கும். இந்த அளவுகோலின்படி, சிற்றினங்கள் பிரிந்த வரிசையை எக்ஸ் குரோமோசோம் காட்டுகிறது என்றும், பெரும்பான்மைப் பகுதி பின்னாளில் நடந்த கலப்பின் தடம் என்றும் அவர்கள் முடிவு செய்தனர். அதே தரவை 2016-இல் வலையமைப்பு முறையில் ஆராய்ந்தவர்களும் பரவலான கலப்பையே கண்டனர். கிளைபிரிந்த வரிசையின் சில விவரங்கள் அதன்பின்னும் விவாதிக்கப்பட்டு வருகின்றன.

மனிதருக்கும் கொசுவுக்கும் ஒரே விதி கையாளப்பட்டது. ஓரிடத்தில் பெரும்பான்மை கிளைபிரிந்த வரலாற்றைச் சொன்னது. மற்றோரிடத்தில் கலப்பின் வரலாற்றைச் சொன்னது. எது எது என்பதை விழுக்காட்டால் அறிய முடியாது. கலப்பே இல்லாத இடத்திலும் இந்தச் சிக்கல் எழக்கூடும். அடுத்தடுத்து விரைவாகக் கிளைகள் பிரிந்திருந்தால், மிக அதிகமாகத் தோன்றும் மரபணு மரம் சிற்றின மரத்துக்கு மாறாக அமையலாம் என்று டெக்னனும் ரோசன்பெர்க்கும் 2006-இல் காட்டினர்.

கொசுக்களைப் பொறுத்தவரை இதன் விளைவு ஏட்டளவில் நிற்பதில்லை. மேற்கு ஆப்பிரிக்காவில் பூச்சிக்கொல்லியைத் தாங்கும் மரபணு மாற்றம் ஒன்று காம்பியேயிலிருந்து கொலுஸ்ஸிக்குக் கலப்பின் வழியாகச் சென்றது பதிவாகியுள்ளது. குறுக்குக் கோடுகள் இல்லாத மரத்தை மட்டும் பார்ப்பவர், இரண்டு சிற்றினங்களிலும் அந்தத் தாங்குதிறன் தனித்தனியே தோன்றியது என்றே நினைப்பார். ஒரு சிற்றினத்தில் தோன்றிய தாங்குதிறன் அடுத்ததற்கு எப்போது போகும் என்ற கேள்வியே அவருக்கு எழாது.

அடிமரம்

ஆண்ட்ரூ பிரான்சிஸ், மைக் ஸ்டீல் இருவரும் 2015-இல் வேறொரு கேள்வியை எழுப்பினர்: எந்த வலையமைப்புகளை, 'ஒரு மரமும் அதன்மேல் சில குறுக்குக் கோடுகளும்' என்று பார்க்கலாம்? எல்லாக் கணுக்களையும் தொட்டுச் செல்வதும், சிற்றினங்களைத் தவிர வேறெங்கும் முடியாததுமான ஒரு மரம் உள்ளே இருந்தால், அதை அடிமரம் என்றும் அந்த வலையமைப்பை மரவழி வலையமைப்பு என்றும் கூறலாம். ஒரு வலையமைப்பு மரவழியா என்பதை விரைவாகச் சோதிக்கும் வழியையும் அவர்கள் தந்தனர்.

கேள்வி நல்லது. ஆனால் இதிலிருந்து 'ஆகவே அடிப்படையில் வரலாறு மரம்தான்' என்று முடிவு கட்டுவது பிழை. அதற்குக் காரணங்கள் மூன்று.

முதலாவது, அடிமரம் ஒன்றே ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. மனித எடுத்துக்காட்டில் வலையமைப்பு காட்டும் இரண்டு மரங்களுமே அடிமரங்கள். யூரேசியரை நியாண்டர்தாலின் இணையாக வைக்கும் மரத்தையும் 'அடிப்படை' என்றே இந்த வரையறை ஏற்கும்.

இரண்டாவது, மொமோகோ ஹயாமிசு, லூஷின் ஜாங் ஆகியோர் 2016-இல் தனித்தனியே காட்டிய முடிவு இன்னும் கடுமையானது. சாத்தியமான எல்லா மரங்களையுமே அடிமரங்களாகக் கொண்ட வலையமைப்புகள் உள்ளன. 10 சிற்றினங்களுக்குச் சாத்தியமான மரங்கள் 3,44,59,425. அவை அத்தனையும் அடிமரமாக அமையும் வலையமைப்பில், அவற்றுள் ஒன்றை எடுத்துக் காட்டுவதால் எந்தச் செய்தியும் கிடைப்பதில்லை.

மூன்றாவது, மரவழியாக இல்லாத எந்த வலையமைப்பையும் தகுந்த இடங்களில் புதிய இலைகளைச் சேர்த்து மரவழியாக்கலாம் என்று பிரான்சிஸும் ஸ்டீலும் தாங்களே நிறுவியுள்ளனர். புதிய இலை என்பது அழிந்துபோன, அல்லது ஆய்வுக்கு எடுக்கப்படாத சிற்றினமாக இருக்கலாம். எனவே 'மரவழி' என்ற பட்டம் வரலாற்றைப் பற்றிச் சொல்லும் அளவுக்கு, எந்தெந்தச் சிற்றினங்கள் ஆய்வில் இடம்பெற்றன என்பதையும் சொல்கிறது.

நிலைத்த மூதாதை மரம்

ஒரு கலப்புக் கணுவுக்கு வேரிலிருந்து வரும் எல்லா வழிகளும் கட்டாயமாகக் கடந்தாக வேண்டிய கணுக்களுள் மிகக் கீழே இருப்பது அதன் நிலைத்த மூதாதை. கலப்புக் கணுவுக்குள் வரும் கோடுகளை அழித்துவிட்டு, அதை நேராக நிலைத்த மூதாதையுடன் இணைத்தால் ஒரு மரம் கிடைக்கும். விடை எப்போதும் ஒன்றே. கணினியில் விரைவாகக் கிடைப்பதும்கூட. இரண்டு பெற்றோருள் ஒருவர் பக்கம் சாயாமல், இருவருக்கும் பொதுவான இடத்தில் கலப்பினத்தை வைப்பதால் இது நடுநிலையான முறையாகத் தோன்றுகிறது.

மனித எடுத்துக்காட்டில் இதைச் செய்து பார்த்தால் நடுநிலையின் விலை தெரியும். யூரேசியர் கணுவின் நிலைத்த மூதாதை வேரே. எனவே யூரேசியர் நேராக வேரில் தொங்குவர். நியாண்டர்தாலும் வேரில் தொங்கும். சானும் யொரூபாவும் தனி இணையாகிவிடுவர். யூரேசியரை விலக்கிவிட்டுப் பார்த்தால் இந்த இணையில் தவறில்லை. யூரேசியரும் படத்தில் இருக்கும்போது, மரபணுத்தொகையின் மிகப் பெரும்பகுதி சொல்லும் யொரூபா–யூரேசியர் உறவுக்கு அது நேர்மாறானது. சில விழுக்காட்டுக் கலப்பு ஒரு மக்கள்குழுவையே வேறு மூலைக்குத் தள்ளிவிடுகிறது. கோடுகளின் எடையை, அதாவது எந்தக் கோட்டின் வழியாக எத்தனை பங்கு மரபணு வந்தது என்பதை, இந்த முறை கணக்கில் கொள்ளாததே காரணம். இந்த மரத்தைப் படிப்பவர் கலப்பினங்கள் எவை என்ற பட்டியலையும் கையில் வைத்திருக்க வேண்டும்.

திரள் மரம்

வலையமைப்பில் பின்னல் உள்ள பகுதி ஒவ்வொன்றையும் ஒரே புள்ளியாகச் சுருக்கினால் எஞ்சுவது திரள் மரம். எந்தக் கோட்டை வெட்டினால் வலையமைப்பு இரண்டாகப் பிரியுமோ அந்தக் கோடுகள் மட்டும் இதில் நிற்கும். ஆகவே திரள் மரத்தில் உள்ள ஒவ்வொரு பிரிவும் வலையமைப்பு காட்டும் எல்லா மரங்களிலும் இருக்கும். இங்கு விவரிக்கப்படும் முறைகளுள் இத்தகைய உறுதியைத் தருவது இதுவே. நான்கு நான்கு சிற்றினங்களாக எடுத்து மரபணு மரங்கள் எத்தனை முறை எவ்வடிவில் வருகின்றன என்று எண்ணி, வலையமைப்பு முழுவதும் தெரியாமலே திரள் மரத்தைத் தீர்மானிக்க முடியும் என்று எலிசபெத் ஆல்மன், ஜான் ரோட்ஸ் உள்ளிட்டோர் 2023-இல் நிறுவினர்.

குறை என்னவென்றால் பேச்சுக் குறைவு. மனித எடுத்துக்காட்டில் வேர் முதல் கலப்புக் கணு வரை எல்லாம் ஒரே பின்னல். சுருக்கினால் நான்கு இலைகளும் ஒரு புள்ளியிலிருந்து விரியும் விசிறிதான் மிஞ்சும். தொலைவிலுள்ள இரண்டு கிளைகளுக்கிடையே ஒரே ஒரு கலப்பு நடந்திருந்தாலும், இடைப்பட்ட கிளைபிரிவுகள் அனைத்தும் அந்தத் திரளுக்குள் மறையும். சொல்வது உண்மை, ஆனால் தெரிந்த பலவற்றையும் சொல்லாமல் விடுகிறது.

இயல்பாக்கம்

பிரான்சிஸ், டேனியல் ஹூசன், ஸ்டீல் மூவரும் 2021-இல் முன்வைத்த இயல்பாக்கம், மரம் வரை போயே தீர வேண்டும் என்று வற்புறுத்துவதில்லை. ஸ்டீபன் வில்சன் ஆராய்ந்த 'இயல்பு வலையமைப்பு' என்ற எளிய வகையோடு அது நின்றுவிடுகிறது. ஒரு கணு வழியாகச் செல்லாமல் குறிப்பிட்ட ஓர் இலையை வேரிலிருந்து அடையவே முடியாது என்றால், அந்தக் கணு 'காணத்தக்கது'. காணத்தக்க கணுக்களை மட்டும் வைத்துக்கொண்டு, சுற்றுவழி இருக்கும்போது அதைத் தாண்டிச் செல்லும் குறுக்குவழிக் கோடுகளை நீக்க வேண்டும். இறுதியில் கிளைபிரியாத கணுக்களையும் அகற்ற வேண்டும். விடை ஒன்றே, விரைவாகவும் கிடைக்கும். இவ்வகை வலையமைப்பில் 10 சிற்றினங்கள் இருந்தால் கலப்புக் கணுக்கள் 8-க்கு மேல் இருக்க முடியாது என்பதால் படமும் கட்டுக்குள் இருக்கும்.

மனித எடுத்துக்காட்டு ஏற்கெனவே இயல்பு வலையமைப்பே. இயல்பாக்கம் அதில் எதையும் மாற்றாது. இப்போது நியாண்டர்தால் எலும்புகளே கிடைக்கவில்லை என்று கொள்வோம். இலை மறையும். நியாண்டர்தால் வழி, வேரிலிருந்து நேராக யூரேசியர் கணுவுக்கு வரும் கோடாகச் சுருங்கும். வேரிலிருந்து மனித வழியாகவும் அதே கணுவை அடையலாம் என்பதால் அந்தக் கோடு குறுக்குவழி என்று நீக்கப்படும். எஞ்சுவது கலப்பே இல்லாத மரம். அழிந்துபோன வழியிலிருந்து வந்த கலப்பு, அந்த வழியின் சான்று கையில் இருந்தால் காக்கப்படும், இல்லாவிட்டால் துடைக்கப்படும். இயல்பாக்கத்துக்குப் பின் வந்த படத்தில் கலப்பு இல்லை என்பதைக் கொண்டு கலப்பு நடக்கவில்லை என்று வாதிடக்கூடாது.

எளிமையாக்கலுக்கு ஆதரவான வாதம்

இவ்வளவு இழப்பு இருக்கும்போது வலையமைப்பையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அதற்கு எதிரான வலுவான வாதம் ஒன்று உண்டு. வலையமைப்பும் தரவிலிருந்து ஊகித்துப் பெற்றதே. வடிவத்தில் வேறுபட்ட இரண்டு வலையமைப்புகள் ஒரே மரங்களை, ஒரே கிளை நீளங்களுடன் காட்டலாம். அப்படியானால் மரங்களைக் கொண்டு மட்டும் அவற்றைப் பிரித்தறிய வழியில்லை என்று ஃபாபியோ பார்டியும் செலின் ஸ்கோர்னவாக்காவும் 2015-இல் சுட்டிக்காட்டினர். தரவால் பிரித்தறிய முடியாத நுணுக்கங்களைப் படத்தில் வரைவது அறிவைக் கூட்டாது. தெரியாததைத் தெரிந்ததுபோல் காட்டும். அந்த அளவுக்கு எளிமையாக்கல் நேர்மையான செயலே. தரவு தாங்காத விவரத்தை நீக்குவது வேறு. தரவு தெளிவாகச் சொல்வதைப் படம் அழகாக இருப்பதற்காக நீக்குவது வேறு. கொசுக்களின் கலப்புக் கோடுகளை அழிப்பது இரண்டாம் வகை.

மதிப்பீடு

குழுப்பிரிவில் தவறு நேரக்கூடாது என்பது முதன்மை நோக்கமானால் திரள் மரம் ஏற்றது. ஆனால் பல கிளைகள் விசிறியாக நிற்பதைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். கலப்பையும் காட்ட வேண்டும், படமும் படிக்கத்தக்கதாக இருக்க வேண்டும் என்றால் இயல்பாக்கம் மேலானது. நிலைத்த மூதாதை மரம் கலப்பினங்களை ஒதுக்கிய பிறகு எஞ்சியவற்றின் உறவைப் பார்க்க உதவும். கலப்பினங்களின் உறவைப் படிக்க அதைப் பயன்படுத்தக்கூடாது. அடிமரம் வலையமைப்பின் கணிதப் பண்பை ஆராயும் கருவி. உயிரியல் முடிவுக்கு அதை மட்டும் சான்றாக வைக்க முடியாது. பெரும்பான்மை மரம் மரபணுத்தொகையின் இன்றைய நிலையைச் சரியாகச் சொல்லும். சிற்றினங்கள் பிரிந்த வரிசையைச் சொல்லவும் செய்யலாம், சொல்லாமலும் போகலாம். அதை முடிவு செய்யக் கிளைகளின் காலக்கணக்கு போன்ற தனிச் சான்று வேண்டும்.

பாடநூலிலோ ஆய்வுக் கட்டுரையிலோ பரிணாம மரம் ஒன்றைப் பார்க்கும் மாணவர் நான்கு கேள்விகளைக் கேட்கலாம். இது தரவிலிருந்து நேராக வந்ததா, ஒரு வலையமைப்பைச் சுருக்கி வந்ததா? எந்த விதியால் சுருக்கப்பட்டது, அந்த விதி ஒரே விடையைத் தருவதா? நீக்கப்பட்ட கோடுகள் எவை, அவற்றின் வழியாக வந்த மரபணுப் பங்கு எவ்வளவு? மரத்தில் உள்ள குழுக்களுள் எவை வலையமைப்பு காட்டும் எல்லா மரங்களிலும் உள்ளன? நீக்கிய கோடுகளின் பட்டியலை மரத்தின் அருகிலேயே அச்சிட அரைப் பக்கம் போதும். அது இல்லாத மரத்தைப் பார்ப்பவருக்கு, கலப்பு நடக்கவில்லையா, நடந்த கலப்பு விதியால் நீக்கப்பட்டதா என்று பிரித்தறிய வழியில்லை.